மரிக்கொழுந்துக்கு வயிறு உப்பிய காலை

சொக்கட்டாம்பாளையத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் கண்டபடி பேசுவார்கள். நம்பாதீர்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. எதையும் முறைப்படி செய்கிறவர்கள், அவ்வளவுதான். முறை என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் அறிவு கொஞ்சம் ஒதுங்கி உட்காரத்தானே வேண்டும்? எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரின் பெரிய முறை, 'ஒரு தலைக்கு ஒரு விசயம்'. எப்போதோ ஒருவனைச் சந்தைக்கு அனுப்பி, உப்பு வாங்கிக்கொண்டு வரும் வழியில் தங்கச்சியையும் கூட்டி வா என்றார்களாம். அவன் உப்பைத் தங்கச்சி வீட்டில் இறக்கி வைத்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். ஊர் கூடி விசாரித்தது. ஒரே தலையில் இரண்டைத் திணித்ததுதான் தப்பு, தலை மேல் தப்பில்லை என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் விசயம் அவரவருக்கு. அடுத்தவர் விசயத்தில் யாரும் கை வைப்பதில்லை.

இந்த ஊரில் நாச்சிமுத்துவுக்கும் ராமாத்தாளுக்கும் இருந்தது ஒரே ஒரு மாடு. பெயர் மரிக்கொழுந்து. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் நாச்சிமுத்து அதையும் சேர்த்து மூன்று என்பார். ரேசன் கார்டில் மாட்டின் பெயரைச் சேர்க்க முடியாது என்று சொன்ன ஆபீசரோடு அவருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருநாள் விடியற்காலையில் மரிக்கொழுந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குதிரைமசால் பாத்திக்குள் இறங்கிவிட்டது. குதிரைமசால் மாட்டுக்குப் பிடித்த பசுந்தீவனம். அதிலும் பனி சொட்டச் சொட்ட இருந்தால் நிறுத்தத் தெரியாமல் தின்னும். தின்றது. தின்றுவிட்டுத் தானாகவே மாட்டுக் கொட்டாய்க்குத் திரும்பி வந்து நின்றது. பால் கறக்கச் சொம்போடு வந்த ராமாத்தாள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க. மாடு ஒரு பக்கமாப் பெருத்திருக்குது."

"நல்லதுதான புள்ள. ஒல்லியா இருக்குதுன்னு நீதான கொறபட்டுக்குவ" என்றார் நாச்சிமுத்து, பல் துலக்கியபடி.

"ராத்திரி இப்பிடி இல்லீங்க."

"ஒரே ராத்திரியில பெருத்துதுன்னா அது என்ற வளப்பு."

பெருமையோடு வந்து பார்த்தவர் வாயிலிருந்த குச்சியை அப்படியே துப்பினார். மரிக்கொழுந்து கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. வயிற்றின் ஒரு பக்கம் முதுகெலும்புக்கு மேலே உப்பி நின்றது. எதிர்வீட்டிலிருந்த ராமாத்தாளின் தம்பி காளியண்ணன் ஓடிவந்து அந்த உப்பலைத் தட்டிப் பார்த்தான். டம்மென்றது. இன்னொரு தட்டுத் தட்டினான்.

"மச்சான், நம்ம கோயில் தப்பட்டையக் காட்டிலும் சத்தம் தெளிவா வருதுங்க."

"கைய எடுடா" என்றார் நாச்சிமுத்து. 

கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குப்புராசு வந்தான். பின்னாலேயே சென்னியப்பன் வந்தார். ஊரில் எந்தச் சிக்கல் என்றாலும் யோசனைக்குச் சென்னியப்பனைத்தான் கூப்பிடுவார்கள். யோசனை வராவிட்டாலும் அவர் நெற்றியைச் சுருக்குவது பார்க்கத் தெம்பாக இருக்கும்.

ராமாத்தாள் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். டாக்டர் அன்புநாதன் அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சொக்கட்டாம்பாளையத்து முறைகள் அவருக்குத் தெரியாது, பாவம்.

"வயித்துல காத்து அடைச்சிருக்கும்மா" என்றார் அவர். "அப்படியே விட்டா மூச்சு முட்டிச் செத்துரும். நான் தடுப்பூசி முகாம்ல இருக்கேன். வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்கதான் மாட்டைக் காப்பாத்தணும். நான் சொல்றத கவனமாக் கேளுங்க."

"சித்த இருங்க டாக்டரு" என்றார் நாச்சிமுத்து. "தலைய எண்ணிக்கறோம்."

டாக்டருக்கு அது புரியவில்லை. லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"மாட்டைப் படுக்க விடாதீங்க."

"அது எனக்கு" என்று சென்னியப்பன் கையைத் தூக்கினார்.

"முன்னங்கால் ஒசரத்துல இருக்கணும், பின்னங்கால் பள்ளத்துல இருக்கணும். அந்த மாதிரி நிறுத்துங்க."

"நான் எடுத்துக்கறனுங்க" என்றாள் ராமாத்தாள்.

"ஒரு குச்சிய வாய்க்குக் குறுக்கே வச்சு ரெண்டு பக்கமும் கயித்தால கட்டுங்க. மென்னுக்கிட்டே இருக்கும், எச்சில் ஊறும், ஏப்பம் வரும்."

காளியண்ணன் அதை வாங்கிக்கொண்டான்.

"சமையல் எண்ணெய் கால் லிட்டர். மூங்கில் குழாயில எடுத்து வாயில விடுங்க. அவசரமே கூடாது. மெதுவா, ரொம்ப மெதுவா."

"மெதுவா" என்று குப்புராசு தலையை ஆட்டினான். அந்த ஆட்டலே மெதுவாக இருந்தது.

"கடைசியா, இடது பக்கம் உப்பியிருக்கும். அங்கே நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுங்க."

"என்ற மாட்ட நான் தேய்க்கறேன்" என்று நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூச்சு ரொம்ப வாங்கினா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைகள் தீர்ந்துவிட்டன.

"அத நீங்களே வச்சுக்குங்க டாக்டரு. இங்க எடமில்லைங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ராமாத்தாள் போனை வைத்தாள்.

முதலில் வேலையில் இறங்கியவர் சென்னியப்பன். மாட்டைக் கொட்டாயிலிருந்து வெளியே இழுத்து வாசலில் கட்டச் சொன்னார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காலிக் கொட்டாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நாச்சிமுத்து, மரிக்கொழுந்து எங்க படுக்கும்?"

"கொட்டாயிலதானுங்கண்ணா."

"வேற எங்கியாச்சும் படுத்திருக்குதா?"

"பொறந்ததுல இருந்து இல்லீங்க."

"அப்ப விசயம் சுளுவு. எடமிருந்தாத்தான படுக்கும்? எடத்தையே இல்லாமப் பண்ணிட்டா?"

தெருவுக்குள் போய் ஆள் திரட்டினார். ஒரு உயிர்ப் பிரச்சினை என்றதும் ஊர் திரண்டு வந்தது. காட்டு வேலைக்குக் கிளம்பியவர்கள், டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு வந்தவர்கள், எல்லாரையும் கொட்டாய்க்குள் வரிசையாகப் படுக்க வைத்தார். சாணியைக் கூட்டக்கூட நேரமில்லை. சந்து தெரிந்த இடத்தில் ஒல்லியானவர்களைச் செருகினார். "ஆரும் அசையப்படாது. நீங்க எந்திரிச்சீங்கன்னா மாடு செத்துரும்" என்றார். அந்தப் பொறுப்பின் கனத்தில் சிலருக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது.

அடுத்தது ராமாத்தாள். முன்னங்கால் உயரத்தில், பின்னங்கால் பள்ளத்தில். சொக்கட்டாம்பாளையமோ தட்டையான ஊர். சறுக்கி விளையாடுவதற்குக்கூட அங்கே ஒரு மேடு கிடையாது.

"மேட்டுக்கு எங்கடா போறது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"அதப்பத்தி நான் ஒண்ணும் சொல்லப்படாதுக்கா. அது உன்ற விசயம்."

அவளே யோசித்து, வீட்டிலிருந்த கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து மாட்டுக்கு முன்னால் போட்டாள். நாலு பேர் செய்ய வேண்டிய காரியம் அது. ஆனால் விசயம் அவளுடையது என்பதால் தனியாகவே மாட்டின் ஒரு காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தாள், அப்புறம் இன்னொரு காலை. ஒரு கணம் மரிக்கொழுந்து கட்டிலில் கால் ஊன்றி, மேடைப் பேச்சாளர் மாதிரி நிமிர்ந்து நின்றது. அடுத்த கணம் கயிறு அறுந்து இரண்டு கால்களும் தரைக்கு வந்துவிட்டன. கட்டில் சட்டம் அதன் தோளில் மாட்டிக்கொண்டது.

"வச்சது வச்சதுதான்" என்றாள் ராமாத்தாள். "ஒசக்க வைக்கறது என்ற வேலை. அதுவா எறங்குனா நான் என்ன பண்றது?"

சொன்னாளே தவிர, மனம் கேட்கவில்லை. மறுபடியும் ஒரு காலைத் தூக்கப் போனாள். கட்டில்கால் அவள் முழங்காலில் இடித்தது. அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

இந்த நேரத்தில் காளியண்ணன் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துச் சீவி, இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தயாராக நின்றான். மரிக்கொழுந்து வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினான், முடியவில்லை. மாட்டுக்குப் பழக்கமில்லாத காரியம், செய்துகாட்டினால் கற்றுக்கொள்ளும் என்று அவனுக்குத் தோன்றியது. குச்சியைத் தன் வாய்க்குக் குறுக்கே வைத்துப் பின்மண்டையில் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு, மாட்டின் முகத்துக்கு நேராகக் குனிந்து மென்றுகாட்டினான்.

மென்று முடித்துப் பின்னால் கையை விட்டால் முடிச்சு சிக்கிக்கொண்டது. "ம்ம்ம்" என்றான்.

"என்னடா சொல்ற?" என்றார் நாச்சிமுத்து.

"ம்ம்ம்ம்."

"அவிழ்த்து விடச் சொல்றானாட்ட இருக்குது" என்றாள் ராமாத்தாள்.

"குச்சி அவன்ற விசயம் புள்ள. நம்ம தொடப்படாது."

காளியண்ணனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எச்சில் ஒழுக ஒழுகத் தொடர்ந்து மென்றுகொண்டிருந்தான்.

இனி நாச்சிமுத்துவின் முறை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாட்டுக்கு நேர் எதிரே வந்து நின்று, அதன் முகத்தை வாஞ்சையோடு தடவினார். பிறகு இடது கைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே உப்பலே இல்லை. வலது கைப் பக்கம் பார்த்தார். அங்கே இருந்தது.

"அண்ணா!" என்று கத்தினார். "உப்புனது எடது பக்கமில்லீங்க. வலது பக்கம். டாக்டரு சொன்ன நோவு இது இல்லீங்க. என்ற மாடு பொழச்சுது."

சென்னியப்பன் கொட்டாயிலிருந்து வந்து மாட்டின் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இல்லியே. எடது பக்கந்தான் இருக்குது."

நாச்சிமுத்து பின்னால் ஓடினார். ஆமாம், இடது பக்கம். முன்னால் ஓடினார். வலது பக்கம்.

"நகருதுங்கண்ணா. என்னையப் பாத்ததும் அந்தப் பக்கம் ஓடீருது."

"காத்துதான? ஒரு எடத்துல நிக்குமா?" என்றார் சென்னியப்பன். "நீ முன்னால நில்லு, நான் பின்னால நிக்கறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாப்போம். எங்க போவுதுன்னு பாத்துரலாம்."

இருவரும் நின்றார்கள்.

"வலது" என்றார் நாச்சிமுத்து.

"எடது" என்றார் சென்னியப்பன்.

 ஒரே காற்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இருப்பது சாதாரண விசயமா?

"ரெண்டா இருக்குமோ?" என்றார் நாச்சிமுத்து, வியர்த்துப்போய்.

"ஒண்ணுதான். ரொம்ப வெசையா ஓடுது, நம்ம கண்ணுக்குத் தெரியல. மாட்டத் திருப்பிப் பாரு. தல சுத்துனா நின்னுரும்."

எனவே மாட்டைத் திருப்பினார்கள். நாச்சிமுத்து கயிற்றைப் பிடித்து வாசலில் வட்டமடிக்க வைத்து, திடீரென்று நிறுத்தி, முன்னால் குதித்துப் பார்ப்பார். வலது. மறுபடி வட்டம். "கலங்காதடி கண்ணு, உன்ற உசுரக் காப்பாத்தத்தான் ஓட்டறேன்" என்று அழுதுகொண்டே ஓட்டினார். கட்டிலோடு மரிக்கொழுந்தும், அதன் முகத்துக்கு நேராகப் பின்பக்கமாக நடந்து மென்றுகாட்டியபடி காளியண்ணனும், கட்டில்காலில் அடிபடாமல் குதித்துக்கொண்டு ராமாத்தாளும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஊர்த்தேர்கூட அவ்வளவு ஆள்கட்டோடு வலம் வந்ததில்லை.

இவ்வளவு நேரம் குப்புராசு எங்கே என்று கேட்பீர்கள். அவன் எண்ணெய் எடுத்து வரத் தன் வீட்டுக்குப் போயிருந்தான். வீடு அடுத்த வீடுதான். ஆனால் டாக்டர் மெதுவாக என்று சொல்லியிருந்தாரே. கால் லிட்டர் கடலை எண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு அடி வைத்து, நின்று, மூச்சு விட்டு, அடுத்த அடி வைத்து வந்துகொண்டிருந்தான். வேலியைத் தாண்டுவதற்குள் ஒரு கோழி அவன் காலைச் சுற்றிப் புழுவெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டது.

"பாருங்கண்ணா, எவ்வளவு பொறுப்பா வர்றான்" என்றார் நாச்சிமுத்து, ஓட்டத்தின் நடுவே.

"சின்ன வயசுல இந்த நெதானம் ஆருக்கு வரும்?" என்றார் சென்னியப்பன்.

அதற்குள் மரிக்கொழுந்தால் முடியவில்லை. துணி துவைக்கிற கல்லருகே வந்ததும் முன்னங்கால்களைக் கல்லின் மேல் ஏற்றிவைத்து அப்படியே நின்றுவிட்டது. பின்னங்கால்கள் துவைத்த தண்ணீர் தேங்கும் சேற்றுக்குழியில் புதைந்தன. நாக்கு வெளியே தொங்கியது. நாச்சிமுத்து கயிற்றை விட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "என்னைய விட்டுட்டுப் போயராத சாமி" என்றார். அந்த நேரத்தில் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. 

காளியண்ணன் மட்டும் தன் விசயத்தை விடவில்லை. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய் மென்றுகாட்டினான். மாட்டுக்கு என்ன தோன்றியதோ, அவன் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குச்சி முனையை லபக்கென்று கவ்விக்கொண்டது. இப்போது ஒரு முனையைக் காளியண்ணனும் மறுமுனையை மரிக்கொழுந்தும் மென்றார்கள். அவன் கண்ணில் வெற்றிக் களை வந்தது. "ம்ம்ம்" என்றான்.

சரியாக அந்த நேரத்தில் குப்புராசு வந்து சேர்ந்தான். அவன் கவனமெல்லாம் மெதுவின் மேல் இருந்ததால் நீட்டிக்கொண்டிருந்த கட்டில்காலைப் பார்க்கவில்லை. தடுக்கியது. அவன் விழுந்ததும் மெதுவாகத்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூங்கில் குழாய் முன்னால் பாய்ந்து, குச்சியால் திறந்திருந்த மாட்டு வாயின் ஓரத்தில் சொருகிக்கொண்டது. எண்ணெயில் முக்கால்வாசி மரிக்கொழுந்துக்குள்ளும் மீதி காளியண்ணன் முகத்திலும் இறங்கியது. பயந்துபோன நாச்சிமுத்து மாட்டைப் பிடித்துக்கொள்ளப் பாய்ந்தவர், இரண்டு கையாலும் அதன் விலாவில் அழுத்திக்கொண்டு நின்றார். இடதா வலதா என்று பார்க்க அவருக்கு நினைவில்லை. உப்பல் இருந்த பக்கம்தான்.

மரிக்கொழுந்து ஒருமுறை உடம்பைக் குலுக்கியது. அப்புறம் ஏப்பம் விட்டது.

அதை ஏப்பம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப்போயின. காளியண்ணனின் முன்முடி பின்னால் போய் எண்ணெயோடு படிந்து நின்றது. நாற்றம் கொட்டாய்க்குள் புகுந்தது. படுத்திருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை, மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார்கள். கடமை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும். இரண்டாவது ஏப்பம் வந்தது, மூன்றாவது வந்தது. உப்பல் கண்ணெதிரே வற்றி, வயிறு வயிறாக ஆனது. மரிக்கொழுந்து நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் காதை நக்கியது.

அப்போதுதான் டாக்டரின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்துவிட்டார். கட்டில் அணிந்த மாடு. அதோடு குச்சியால் இணைந்த, எண்ணெய் வடியும் ஓர் ஆள். தரையில் ஒருவன். கொட்டாய் நிறைய மனிதர்கள். அவர் நல்ல டாக்டர், முதலில் மாட்டைத்தான் பார்த்தார். தட்டினார், காது வைத்துக் கேட்டார்.

"பொழச்சிருச்சு" என்றார். "எப்படின்னு எனக்குத் தெரியல. போதும், எல்லாத்தையும் நிறுத்துங்க. மாடு களைச்சுப் போயிருக்கு. படுக்க விடுங்க."

யாரும் நிறுத்தவில்லை. நாச்சிமுத்து ஆனந்தக் கண்ணீரோடு அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். ராமாத்தாள் முன்னங்காலைக் கல்லிலிருந்து இறங்காமல் பிடித்துக்கொண்டாள்.

"போதும்னு சொன்னேன்."

"கேட்டுதுங்க" என்றார் சென்னியப்பன். "ஆனா போதுங்கறது புது விசயமுங்க. அத எடுத்துக்க ஒரு காலித் தலை வேணும். இங்க எல்லாத் தலையும் ரொம்பிக் கெடக்குது."

"அதோ, அவ்வளவு பேர் சும்மா படுத்திருக்காங்களே?"

"சும்மா இல்லீங்க. படுக்கறது அவிய விசயம்."

 சென்னியப்பன் டாக்டரை ஏற இறங்கப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தலைதானுங்க இப்பக் காலியா இருக்குது."

படித்த மனிதர் என்ன செய்வார்? சரி, என் தலையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். முதல் வேலையாகக் காளியண்ணனின் கயிற்றை அறுத்துவிட்டார். வாய் விடுபட்டதும் அவன், "நான் சொன்னது ஒருத்தருக்கும் வெளங்கலியா?" என்று கேட்டுவிட்டு ஊமையாகிவிட்டான். தாடை மரத்துப்போயிருந்தது. கட்டிலைக் கழற்றினார். அப்புறம் மாட்டுக்கு இடம் பண்ணக் கொட்டாய்க்குள் போய் ஓர் ஆளைத் தூக்கி உட்காரவைத்தார். அடுத்தவரைத் தூக்குவதற்குள் முதலாமவர் படுத்துவிட்டார். மூன்றாமவரைத் தூக்கினார், இரண்டாமவர் படுத்தார். விடியற்காலையிலிருந்து முகாமில் ஊசி போட்டுக் களைத்த மனிதர் அவர். ஒரு சந்தில் சற்று உட்கார்ந்தார், சாய்ந்தார், நீட்டிப் படுத்தார்.

"அந்தச் சந்துதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துது" என்று சென்னியப்பன் கும்பிட்டார். "இப்ப அடைஞ்சுதுங்க."

வெளியே மரிக்கொழுந்து ராமாத்தாளின் பிடியை உதறிக் கல்லிலிருந்து இறங்கி, வேப்பமர நிழலில், வாசலிலேயே வசதியாகப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. தேய்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவும் கூடவே படுத்து, படுத்தபடி தேய்த்தார். "அண்ணா, இங்க படுத்திருச்சுங்க" என்றார்.

"வெளிய படுத்தா நான் என்ன பண்றது? உள்ள வந்து படுக்கட்டும் பாப்போம்" என்றார் சென்னியப்பன்.

டாக்டர் கண்ணை மூடியபடி கேட்டார். "நாங்கல்லாம் எப்ப எந்திரிக்கிறது?"

நல்ல கேள்வி. அதுவும் ஒரு விசயம். யாரிடம் கொடுப்பது என்று ஊரே படுத்தபடி யோசித்தது. காலித் தலை ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் சென்னியப்பன் வெளியே போய், மரிக்கொழுந்தின் காதருகே குனிந்து, எப்போது எழுந்திருக்கலாம் என்பதை எல்லாருக்கும் அதுதான் சொல்ல வேண்டும் என்று பதவிசாக ஒப்படைத்தார். மரிக்கொழுந்து தலையை ஆட்டியது.

"சொல்றேன்னுருச்சுங்க" என்று திரும்பி வந்து அவரும் வாசல்படியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார்.

கடைசியாக நான் விசாரித்தபோது அது இன்னும் அசைபோட்டு முடிக்கவில்லையாம்.